ரோஜாச்செடில பூச்சியா? தண்ணியா, சோப்பா, வேப்பெண்ணெயா, கெமிக்கலா... எதை எப்ப கைல எடுக்குறது

காலைல எந்திரிச்சு போய் பார்த்தா, நேத்து வரைக்கும் சுத்தமா இருந்த மொட்டுக் காம்புல குண்டூசித் தலை சைஸ்ல பச்சை பச்சையா ஒரு கூட்டமே அப்பியிருக்கும், பார்த்த உடனே வயிறு எரியும், கை தானா ஸ்ப்ரே பாட்டில தேடும். ரோஜா வளர்க்குற யாரும் தப்பாத காட்சி இது. அடுத்த கேள்வியும் எல்லாருக்கும் ஒண்ணு தான், "எந்த மருந்து அடிச்சா போகும்?" நானும் ரொம்ப வருஷம் இதையே தான் கேட்டுட்டு சுத்துனேன். இப்பல்லாம் முதல்ல கேக்குறது வேற, இந்தப் பூச்சி செடில எங்க உக்காந்திருக்கு? வெளில தெரியுற மாதிரியா, இலைக்கு அடியிலயா, மொட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கா, இல்ல மேல ஓடு மாதிரி ஒரு கவசம் போட்டு மூடிக்கிட்டு இருக்கா. இதுக்கு பதில் தெரிஞ்சிட்டா கைல இருக்குற ஆப்ஷன்ல பாதி அங்கயே கழண்டுடும், ஏன்னா மருந்து எவ்ளோ வீரியம்னாலும் பூச்சி இருக்குற இடத்துக்கு அது போய்ச் சேரலன்னா அடிச்சது வீண் தான்.

முதல்ல தண்ணியவே எடுத்துக்குவோம், நிறைய பேர் இதை ஒரு வழின்னே மதிக்கிறதில்ல. மொட்டுல அப்பியிருக்குற அந்தப் பச்சைக் கூட்டம் அசுவினி. ஊசி மாதிரி வாயை துளிருக்குள்ள குத்தி சாறு உறிஞ்சிக்கிட்டு இருக்கும், உடம்பு ரொம்ப மெத்து, காலுக்கும் பெருசா பிடிமானம் கிடையாது. ஒரு கையால மொட்டுக்குப் பின்னாடி தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஹோஸ் பைப்பை விரலால அழுத்தி வேகமா அடிச்சா அப்படியே உதிர்ந்து விழும், விழுந்ததுல பெரும்பாலானது திரும்ப செடி ஏறி வராது. ஆனா ஒரு நாள் அடிச்சிட்டு விட்டா பத்தாது, வெயில் காலத்துல பிறந்த அசுவினி ஒரு வாரம் பத்து நாள்ல தானே குட்டி போட ஆரம்பிச்சிடும், ஆண் பூச்சியே தேவையில்ல, முட்டை கூட இல்ல, நேரா குட்டி தான். அதனால ரெண்டு நாளுக்கு ஒருக்க, ஒரு வாரம் பத்து நாள் விடாம அடிக்கணும். அடிக்கிறது காலைலயா இருக்கட்டும், ராத்திரி முழுக்க இலை ஈரமா நின்னா கரும்புள்ளி நோய் வந்து உக்காரும், அது இன்னொரு தலைவலி.

நாலஞ்சு தொட்டி வச்சிருக்குறவங்களுக்கு அசுவினிக்கு தண்ணிய தாண்டி எதுவும் தேவைப்படாதுன்னு தான் நான் சொல்லுவேன். அம்பது செடி வச்சிருந்தா கை வலிக்கும், அது வேற கதை.

சோப்பு தண்ணி அடுத்த படி. இங்க தான் நான் முதல் அடி வாங்குனேன். பாத்திரம் கழுவுற லிக்விட தண்ணில கண்ணளவுக்கு ஊத்தி நுரை பொங்கப் பொங்க மத்தியானம் வெயில்ல அடிச்சேன், அசுவினி செத்தது என்னமோ நிஜம், மூணாம் நாள் துளிர் இலையோட ஓரமெல்லாம் காஞ்ச பப்படம் மாதிரி சுருண்டு பழுப்பாயிடுச்சு. பாத்திர லிக்விட் சோப்பு கிடையாதுங்க, டிடர்ஜென்ட், இலை மேல இருக்குற மெழுகுப் படலத்தையே கழுவி எடுத்துடும். செடிக்குன்னே விக்கிற பூச்சிச் சோப்பு கொழுப்பு அமிலத்தோட பொட்டாசியம் உப்பு, அதை லேபிள்ல போட்ட அளவுல, சாதாரணமா 1ல இருந்து 2 சதவீதம் வர்ற மாதிரி கலந்தா பூச்சியோட மேல் தோலை உடைச்சு உடம்பு காஞ்சு சாகும். இதோட நல்ல குணமும் கெட்ட குணமும் ஒண்ணே தான், ஈரமா இருக்குற வரைக்கும் தான் வேலை. காஞ்சிடுச்சுன்னா அவ்ளோ தான், அப்புறம் வந்து உக்கார்ற பொறிவண்டுக்கும் ஒண்ணும் ஆகாது, அப்புறம் வந்து உக்கார்ற அசுவினிக்கும் ஒண்ணும் ஆகாது. பூச்சி மேலயே நேரா படணும், இலைக்கு அடியில நனையணும். உப்புத்தண்ணி மாதிரி கடினமான தண்ணில கலந்தா சோப்பு திரிஞ்சு மேல ஏடு கட்டும், பாதி வீரியம் அங்கயே போயிடும், மழைத்தண்ணி கிடைச்சா அதுல கலக்குங்க. 32 டிகிரிக்கு மேல வெயில் இருக்குற நேரத்துல அடிக்கவே வேணாம்.

இப்ப வேப்பெண்ணெய். நம்ம ஆளுங்க எது வந்தாலும் வேப்பெண்ணெய்னு சொல்லிடுவாங்க, அது மேல எனக்கும் மரியாதை உண்டு, ஆனா அது என்ன பண்ணும்னு தெரியாம அடிச்சிட்டு மறுநாள் காலைல வந்து பார்த்து "ஒண்ணுமே சாகலயே"னு திட்டுறது தான் தப்பு. வேம்புல இருக்குற அசாடிராக்டின் பூச்சிய பட்டுனு கொல்ற விஷம் இல்ல. அது சாப்பிடுற ஆசைய கெடுக்கும், தோல் உரிச்சு அடுத்த பருவத்துக்குப் போக விடாது, முட்டை போடுறதைக் குறைக்கும். அதனால பலன் தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், சின்னப் பருவத்துல இருக்குற பூச்சி மேல தான் நல்லா பிடிக்கும், முழுசா வளர்ந்த வண்டு அது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருக்கும். எண்ணெய் மேல படிஞ்சா மூச்சு முட்டி சாகுறது தனிக் கணக்கு, அது எந்த எண்ணெய்க்கும் உண்டு. வாங்கும்போது இன்னொண்ணு பாருங்க, சில பாட்டில்ல அசாடிராக்டினைத் தனியா பிரிச்சு எடுத்துட்டு மிச்ச எண்ணெய மட்டும் விப்பாங்க, அது மூச்சை முட்ட வைக்குமே தவிர வளர்ச்சிய தடுக்குற வேலையப் பெருசா செய்யாது. லேபிள்ல அசாடிராக்டின் இத்தனை பிபிஎம்னு (பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு) போட்டிருந்தா அது வேற சரக்கு.

கலக்குறதுல தான் நிறைய பேர் சொதப்புறாங்க. எண்ணெயும் தண்ணியும் சேராது, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய்னா முதல்ல அந்த 5 மி.லி.யோட ஒண்ணு ரெண்டு மி.லி. மென்மையான திரவ சோப்பை நல்லா அடிச்சுக் கலக்கி பால் மாதிரி வெள்ளையானதும் தான் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விடணும், அடிக்கும்போதும் நடுநடுவுல குலுக்கிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா முதல் செடிக்கு வெறும் தண்ணியும் கடைசி செடிக்கு வெறும் எண்ணெயும் போகும், கடைசி செடி கருகும். கலந்ததை அன்னைக்கே தீர்த்துடுங்க, நாளைக்குன்னு எடுத்து வச்சா வீரியம் போயிடும். சாயங்காலம் அடிங்க, வெயில் பட்டா அசாடிராக்டின் சீக்கிரம் சிதையும், தேனீயும் அந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருக்கும். புது பாட்டில்னா ஒரு கிளைல மட்டும் அடிச்சு ரெண்டு நாள் பார்த்துட்டு மிச்சத்துக்கு அடிக்கிறது புத்திசாலித்தனம். அப்புறம் முக்கியமானது, பூஞ்சைக்கு கந்தகம் அடிச்சிருந்தா அதுக்கும் எண்ணெய்க்கும் நடுவுல ரெண்டு மூணு வாரமாவது இடைவெளி விடணும், ரெண்டும் சேர்ந்தா இலை வெந்து போகும்.

சோப்பா வேம்பான்னு கேட்டா, கூட்டம் கண்ணுக்கு எதிர்ல இருக்கு இன்னைக்கே குறையணும்னா சோப்பு, இன்னும் பெருசா வரல ஆனா வரும்னு தெரியுது, துளிர் விடுற நேரம்னா வேம்பு. ரெண்டையும் தினமும் மாத்தி மாத்தி ஊத்துறவங்க இருக்காங்க, செடியப் பார்த்தா பாவமா இருக்கும், இலை மேல எப்பவும் ஒரு பிசுக்கு.

சும்மா இருக்குறதும் ஒரு ஆப்ஷன் தான், இது சொன்னா யாருக்கும் பிடிக்காது. அசுவினி வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல பொறிவண்டு வரும், மிதவை ஈயோட புழு வரும், குட்டியூண்டு குளவி ஒண்ணு வந்து அசுவினி உடம்புக்குள்ளயே முட்டை வச்சிட்டுப் போகும். கூட்டத்துக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு மட்டும் பலூன் மாதிரி உப்பி பழுப்பு நிறத்துல அசையாம நிக்குதா, லென்ஸ் வச்சுப் பார்த்தா முதுகுல அழகா வட்டமா ஒரு ஓட்டை இருக்கா, அப்ப குளவி வேலைய முடிச்சிட்டு வெளில வந்துடுச்சுன்னு அர்த்தம், ஸ்ப்ரேய கீழ வச்சிடுங்க. பொறிவண்டோட குஞ்சு பார்க்க சின்ன முதலை மாதிரி கறுப்பா ஆரஞ்சு திட்டோட முள்ளு முள்ளா இருக்கும், பெரிய வண்டு மாதிரி கொஞ்சம் கூட இருக்காது. அதை ஏதோ புது பூச்சின்னு நினைச்சு நானே என் கையால நசுக்கியிருக்கேன், ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு செடி முழுக்க. அந்தக் குஞ்சு ஒண்ணு வளர்ந்து முடிக்கிறதுக்குள்ள நூத்துக்கணக்குல அசுவினிய தின்னும்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. காசு குடுத்து பொறிவண்டு வாங்கி விடலாமான்னா, திறந்த தோட்டத்துல விட்டா பெரும்பாலும் ரெண்டு நாள்ல பறந்து போயிடும், அதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

எறும்பு ஏறி இறங்குதான்னு மட்டும் பாருங்க. அசுவினி, மாவுப்பூச்சியெல்லாம் விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுங்களுக்கு காவல் காக்கும், பொறிவண்டு வந்தா விரட்டும். எறும்பை நிறுத்தாம சும்மா இருந்தா அது பொறுமை இல்ல, ஏமாளித்தனம். அடித்தண்டுல ஒரு டேப்பை சுத்தி அதுக்கு மேல ஒட்டுற பசை தடவுனா எறும்பு ஏறாது, கிளை வேற எங்கயும் சுவர்லயோ பக்கத்து செடிலயோ உரசாம இருக்கணும், இல்லன்னா அந்த வழியா பாலம் போட்டு வந்துடும். இலைல கறுப்பா புகை படிஞ்ச மாதிரி இருந்தா அது அந்த இனிப்புத் தண்ணி மேல வளர்ற பூசணம், பூச்சி போனா அதுவும் தானா போகும், அதுக்குன்னு தனி மருந்து வேணாம்.

இனி கெமிக்கல் பக்கம் வருவோம். பேரு "த்ரின்"னு முடியுற ரகம், பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் மாதிரி, இதெல்லாம் பட்டதும் சாகடிக்கும், பார்க்க ரொம்ப திருப்தியா இருக்கும். நானும் ஒரு தடவை அசுவினிக்கு இதை அடிச்சேன். ரெண்டே நாள்ல செடி பளிச்சுனு ஆயிடுச்சு, ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். மூணு வாரம் கழிச்சு இலையெல்லாம் புழுதி படிஞ்ச மாதிரி மங்கலாச்சு, பக்கத்துல பார்த்தா ஊசியால குத்துன மாதிரி வெளிர் மஞ்சப் புள்ளி, திருப்பிப் பார்த்தா அடியில நூலாம்படை. செஞ்சிலந்தி. குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்ச கதை. நடந்தது இது தான், அந்த மருந்து அசுவினியோட சேர்த்து சிலந்திய தின்னு கட்டுப்படுத்திக்கிட்டு இருந்த நல்ல பூச்சிகளையும் கொன்னுடுச்சு, செஞ்சிலந்திக்கு மட்டும் பெருசா ஒண்ணும் ஆகல, ஏன்னா அது பூச்சியே கிடையாது, எட்டுக்கால் ஜாதி, நிறைய பூச்சி மருந்து அதுக்கிட்ட பலிக்காது. கேக்க ஆள் இல்லாத ஊர்ல அது ராஜா ஆயிடுச்சு. அதுல இருந்து ரோஜாவுக்கு இந்த ரகத்த நான் தொடுறதில்ல. பூனை வளர்க்குறவங்க பெர்மெத்ரின் பக்கமே போகாதீங்க, பூனை உடம்பால அதை முறிக்க முடியாது, மீன் தொட்டிக்கும் ஆபத்து.

செஞ்சிலந்திக்கு எது நல்லதுன்னு கேட்டீங்கன்னா மறுபடி தண்ணிக்கு தான் வருவேன், ஆனா இந்த தடவை கீழ இருந்து மேல, இலையோட அடிப்பக்கம் நல்லா படுற மாதிரி. சூடும் வறட்சியும் தூசியும் தான் அதுக்கு சொர்க்கம், நல்ல வெயில்ல முட்டைல இருந்து பெருசாக ஒரு வாரம் போதும். அதனால முதல் தடவை தப்பிச்ச முட்டை பொரியுற நேரம் பார்த்து அஞ்சாறு நாள் இடைவெளில சோப்போ எண்ணெயோ ரெண்டு மூணு சுத்து அடிக்கணும். அடிமட்டத்துல இருக்குற பழைய இலைய பறிச்சு போட்டாலே பாதி தொல்லை போகும், அங்க இருந்து தான் அது மேல ஏறும். இதுக்கும் அடங்கலன்னா அபாமெக்டின் மாதிரி செஞ்சிலந்திக்கு கேக்குற மருந்து, அதையும் ஒரே மருந்தா திரும்பத் திரும்ப அடிச்சா சீக்கிரம் பழகிடும்.

செடி உள்ளுக்குள்ள உறிஞ்சி எடுத்துக்குற சிஸ்டமிக் மருந்து, இமிடாகுளோப்ரிட் ரகம், சோம்பேறிகளுக்கு வரப்பிரசாதம் மாதிரி தெரியும். வேர்ல ஊத்துனா போதும், சாறோட சாறா மேல ஏறி இலைக்குப் போகும், சாறு உறிஞ்சுற அசுவினி, வெள்ளை ஈ எல்லாம் சாகும், வாரக்கணக்குல நிக்கும். எல்லாம் சரி, ஆனா சாறு போற இடத்துக்கெல்லாம் மருந்தும் போகும், மகரந்தத்துக்கும் தேனுக்கும் சேர்த்து. பூ தான் வேணும்னு வளர்க்குற செடில பூவையே விஷமாக்குறது எனக்கு ஒப்பல. தேனீக்கு ஆகுற பாதிப்பைப் பார்த்துட்டு தான் ஐரோப்பிய ஒன்றியம் 2018ல இமிடாகுளோப்ரிட், க்ளோதியானிடின், தையாமெத்தாக்சாம் மூணையும் திறந்த வெளில பயன்படுத்தக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. தேனீ கதைய விட்டாலும், செஞ்சிலந்தி கூடுன அனுபவம் இதுலயும் உண்டு, மொட்டுக்குள்ள இருக்குற இலைப்பேனுக்கு இது சரியா எட்டாது. அப்ப எதுக்கு இவ்ளோ ரிஸ்க்? அசுவினிக்கா? அதுக்கு தான் தண்ணி இருக்கே.

இலைப்பேன்னு சொன்னேன்ல, த்ரிப்ஸ், ரோஜாக்காரங்களோட நிஜமான எதிரி அது தான். மொட்டு பெருசாகும், நிறம் காட்டும், ஆனா விரியாது, விரிஞ்சாலும் இதழ் ஓரம் தீஞ்ச மாதிரி பழுப்பா இருக்கும், வெள்ளை, மஞ்சள், வெளிர் ரோஸ் கலர்ல தான் தொல்லை அதிகம். மழை ஈரத்துல அழுகுனாலும் மொட்டு விரியாம நிக்கும், ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. ஒரு வெள்ளை பேப்பரை கீழ பிடிச்சு பூவை நாலு தட்டு தட்டுங்க, ஒரு மில்லிமீட்டர் நீளத்துல மஞ்சளா பழுப்பா சின்ன கோடு மாதிரி ஏதாவது நெளிஞ்சு ஓடுச்சுன்னா அது தான். சிரமம் என்னன்னா முட்டைய திசுவுக்குள்ள வச்சிடும், குஞ்சு இதழ் மடிப்புக்குள்ள இருக்கும், கூட்டுப்புழு பெரும்பாலும் மண்ணுலயோ கீழ கிடக்குற சருகுலயோ, ஆக நீங்க மேல என்ன அடிச்சாலும் ஒரு பங்கு தான் மாட்டும்.

இங்க எல்லா ஸ்ப்ரேயையும் விட கத்திரிக்கோல் தான் ஜெயிக்கும். கெட்டுப்போன மொட்டு, பாதி விரிஞ்ச பூ, வாடுன பூ எல்லாத்தையும் வெட்டி கவர்ல போட்டு கட்டி தூக்கி எறியணும், செடிக்கு கீழயே போட்டா அது குடும்பத்தோட திரும்ப ஏறும். சருகைக் கூட்டிட்டு, அடுத்த மொட்டு பச்சையா இருக்கும்போதே ஆரம்பிக்கணும். மருந்து அடிச்சே ஆகணும்னா ஸ்பினோசாட் என் தேர்வு, மண்ணுல இருக்குற ஒரு பாக்டீரியாகிட்ட இருந்து எடுக்குறது, இலைப்பேனுக்கும் புழுவுக்கும் நல்லா கேக்கும், அசுவினிக்கு வேலைக்காகாது. இயற்கைல வந்ததுன்னு தேனீக்கு ஆகாதுன்னு நினைச்சிடாதீங்க, ஈரமா இருக்குற வரைக்கும் தேனீய கொல்லும், அதனால இருட்டுற நேரத்துல தான். இதையும் வாரா வாரம் அடிச்சா இலைப்பேன் பழகிடும், ரெண்டு மூணு தடவைக்கு மேல போகாதீங்க. நீல ஒட்டு அட்டை தொங்கவிடுறது எத்தனை வந்திருக்குன்னு தெரிஞ்சுக்க உதவும், அதுவே ஒழிச்சிடும்னு எதிர்பார்த்தா ஏமாற்றம் தான்.

இலைய கடிச்சு ஓட்டை போடுற ஆளுங்க வேற. புழுன்னு தெரிஞ்சா கையால எடுக்குறது தான் சீக்கிரம், முடியலன்னா பிடி (Bt, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்)ங்குற பாக்டீரியா பொடி இருக்கு, வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி புழுவ மட்டும் கொல்லும், மத்ததுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா ரோஜால அதே மாதிரி பச்சையா ஒரு போலிப் புழு வரும், ரம்பக் குளவியோட குஞ்சு, இலைய கண்ணாடி மாதிரி சுரண்டி வச்சிடும், அதுக்கு பிடி கொஞ்சம் கூட கேக்காது. வயித்துப் பக்கம் இருக்குற குட்டைக் கால எண்ணுங்க, அஞ்சு ஜோடி வரைக்கும்னா நிஜப் புழு, ஆறும் அதுக்கு மேலயும்னா போலி, அதுக்கு சோப்போ ஸ்பினோசாட்டோ. வண்டு ராத்திரில வந்து தின்னுட்டுப் போகும், டார்ச் எடுத்துட்டுப் போய் சோப்பு தண்ணி டப்பால தட்டிவிடுங்க. இலை ஓரத்துல காம்பஸ் வச்சு வெட்டுன மாதிரி அரைவட்டம் அரைவட்டமா இருந்தா அது இலைவெட்டித் தேனீ, கூடு கட்ட எடுத்துட்டுப் போகுது, அதுக்கு மருந்து தேடாதீங்க, செடிக்கு ஒண்ணும் ஆகாது.

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் மேல மெழுகு, ஓடுன்னு கவசம் போட்டிருக்குற கூட்டம், தண்ணி பட்டா உள்ள இறங்காம உருண்டு ஓடிடும். 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை பஞ்சுக் குச்சில நனைச்சு மாவுப்பூச்சிய ஒவ்வொண்ணா தொட்டு எடுக்கலாம், கொஞ்சமா இருக்கும்போது இதை மாதிரி சுலபம் இல்ல. தண்டுல வெள்ளையா சுண்ணாம்பு பூசுன மாதிரி செதில் படிஞ்சா பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு, ரொம்ப படிஞ்ச கிளைய வெட்டிட்டு, அப்புறம் எண்ணெய் ஸ்ப்ரே.

இவ்ளோவுக்கும் முன்னாடி ஒண்ணு பாருங்க, கடைசியா என்ன உரம் போட்டீங்க? நைட்ரஜன் அதிகமா போட்டா துளிர் தளதளன்னு சாறா வரும், அசுவினிக்கு அதை விட நல்ல விருந்து கிடையாது, நீங்களே இலை போட்டு பரிமாறிட்டு அப்புறம் மருந்தோட ஓடி வர்றீங்க. உரத்தக் குறைச்சு பிரிச்சு பிரிச்சு போட ஆரம்பிச்சதுல இருந்து என் செடிங்கள்ல பைப்பை எடுக்குற நாளே குறைஞ்சு போச்சு. இப்ப என் அலமாரில இருக்குறது ஒரு பூச்சிச் சோப்பு, ஒரு வேப்பெண்ணெய், போன வருஷம் இலைப்பேனுக்கு வாங்கி பாதி மிச்சம் இருக்குற ஸ்பினோசாட், ஒரு லென்ஸ், ஒரு கத்திரிக்கோல். அதுல தேய்ஞ்சு போனது கத்திரிக்கோல் மட்டும் தான்.